கடல் கடந்த வழக்கும் கைகட்டிய தமிழும்

"பாட்டுக்குத் தமிழ் போதும், பட்டிமன்றத்துக்குத் தமிழ் போதும், சட்டத்துக்கு மட்டும் ஆங்கிலமே வேண்டும்" என்று சொல்லித் திரிவோர் தமிழ்நாட்டில் இன்னும் உளர். அவருள்ளும் ஒரு சாரார் ஒருபடி மேலேறி நின்று, "உள்ளூர் வாய்க்கால் வழக்கைத் தமிழில் பேசிக்கொள்ளுங்கள், நாட்டெல்லை கடந்த வழக்குக்குத் தமிழ் எதற்கு? அது பெரிய இடத்துப் படிப்பு" என்பர். இக்கூற்று பொய். வெறும் பொய்யாயின் நகைத்துவிட்டுப் போகலாம். இதுவோ குமரி மாவட்டக் கடற்கரையில் உப்புக்காற்றை உண்டு வாழும் ஏழைக் குடும்பங்களின் வயிற்றில் அடிக்கும் பொய்.

அப்படி என்ன பெரிய படிப்பு இது? இதன் பெயர் தனியார் பன்னாட்டுச் சட்டம். நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே எழும் போர், எல்லை, தூது ஆகியவற்றைப் பேசுவது பொதுப் பன்னாட்டுச் சட்டம். ஒரு நாட்டுக் குடிமகனுக்கும் மற்றொரு நாட்டானுக்கும் இடையே, அல்லது இரு நாடுகளில் பிரிந்து வாழும் ஒரே குடும்பத்தாருக்குள்ளேயே, எழும் கடன், கூலி, மணம், மணவிலக்கு, உடைமை, இழப்பீடு ஆகிய வழக்குகளைப் பேசுவது தனியார் பன்னாட்டுச் சட்டம். சட்டமுரண் என்பதும் இதற்கு மற்றொரு பெயர். இரு நாட்டுச் சட்டங்கள் ஒரே வழக்கின்மேல் வந்து முட்டிக்கொள்வதால் அப்பெயர்.

இப்படிப்பு முழுவதும் மூன்றே வினாக்களில் அடங்கும். ஒன்று: வழக்கை எந்நாட்டு மன்றம் கேட்பது? இரண்டு: கேட்கும் மன்றம் எந்நாட்டுச் சட்டத்தைக் கொண்டு தீர்ப்பது? மூன்று: ஒரு நாட்டில் பெற்ற தீர்ப்பு மற்றொரு நாட்டில் செல்லுமா, செல்லாதா? வினாக்கள் மூன்றும் தமிழில் கேட்கப்பட்டுவிட்டன. படித்தவர் எவர்க்கும் பொருள் விளங்காமற் போகவில்லை. வினாவுக்கு இடங்கொடுத்த மொழி விடைக்கு மட்டும் இடங்கொடாதோ?

நாஞ்சில் நாடு அறியாத சிக்கலா?

சட்டமுரண் என்பது இலண்டனிலும் நியூயார்க்கிலும் முளைத்த புதுமை என்று எண்ணுவோர் ஆரல்வாய்மொழிக் கணவாயில் சற்றே நின்று பார்த்தல் வேண்டும். 1956 நவம்பர் 1ஆம் நாள்தான் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தாய்த் தமிழகத்தோடு இணைந்து குமரி மாவட்டம் ஆயின. அதற்குமுன் நெடுங்காலம் அவை திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தன. கணவாய்க்குக் கிழக்கே நெல்லைச் சீமை. அது வெள்ளையர் ஆண்ட சென்னை மாகாணம். இருபுறமும் மொழி ஒன்று. கொள்வினை கொடுப்பினை உண்டு. சட்டம் மட்டும் வேறு. வெள்ளையர் 1908இல் இயற்றிய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கண்ணில் நாகர்கோயில் மன்றம் ஓர் அயல்மன்றம். அங்குப் பெற்ற தீர்ப்பு நெல்லையில் அயல்தீர்ப்பு. வண்டி கட்டிக்கொண்டு ஒரு பகலில் போய்வரும் தொலைவில் அயல்நாடு இருந்தது!

குடும்பச் சட்டத்திலோ வேற்றுமை இன்னும் பெரிது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி வழங்கிற்று. தாய்மாமன் உடைமை மருமகனுக்குச் செல்லும். பெற்ற மகன் ஒதுங்கி நிற்பான். மனைவி மக்களுக்குக் கிட்டியது 'உகந்துடைமை' என்னும் சிறுபங்கே. கணவாய்க்கு அப்பால் நெல்லை வேளாளரிடையே மக்கள்வழி. இப்புறத்தான் அப்புறத்தில் நிலம் வாங்கிவிட்டு இறந்தால், அந்நிலம் மகனுக்கா, மருமகனுக்கா? எந்த மன்றம், எந்தச் சட்டம், எந்தத் தீர்ப்பு என்னும் அதே மூன்று வினாக்கள்தாம் அன்று நாஞ்சில் நாட்டுத் திண்ணைகளில் பேசப்பட்டன. பேசியவர் எவரும் ஆங்கிலச் சட்டக்கல்லூரியில் பயின்றவர் அல்லர்.

கொல்லம் ஆண்டு 1101இல், அஃதாவது 1926இல், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் பிறந்தது. அச்சட்டம் பிறக்குமுன் மருமக்கள்வழியின் கொடுமையைத் தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகனார் தமிழ்ச் செய்யுளில் வைத்து நாடறியச் செய்தார். உடைமைச் சட்டத்தின் உட்சிக்கலை உழவனும் அடுக்களைப் பெண்ணும் அறியும் வண்ணம் சொல்லத் தமிழுக்கு அன்றே ஆற்றல் இருந்தது. 1956ஆம் ஆண்டு இந்து மரபுரிமைச் சட்டம் மருமக்கள்வழிச் சட்டம் இன்னதென வரையறுக்கும் இடத்தில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைப் பெயர் சுட்டியே குறிக்கிறது. தில்லியின் சட்டநூலுக்குள் நாஞ்சில் நாட்டின் பெயர் ஏறியது. நாஞ்சில் நாட்டின் மொழிதான் ஏறவில்லை.

கிறித்தவக் குடும்பங்களின் நிலையும் இத்தகையதே. 1916ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்க் கிறித்தவர் மரபுரிமைச் சட்டம், தந்தை ஆவணம் எழுதாது இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் காற்பங்கு அல்லது ஐயாயிரம் உருபா, இவற்றுள் எது குறைவோ அதையே தந்தது. எது குறைவோ அது! கணவாய்க்கு அப்பால் பிறந்த கிறித்தவப் பெண்ணுக்கு இந்த இழிவு இல்லை. 1951 ஏப்பிரல் 1ஆம் நாள் முதலே 1925ஆம் ஆண்டு இந்திய மரபுரிமைச் சட்டம் பழைய திருவிதாங்கூர்ப் பகுதிக்கும் பொருந்தும் என்று உச்ச முறைமன்றம் மேரி இராய் வழக்கில் தீர்ப்பளித்தது 1986இல். முப்பத்தைந்து ஆண்டுகள் உரிமை ஏட்டில் உறங்கிற்று. உரியவள் அறியாமல் உறங்கிற்று. தன் சட்டம் எது என்று தன் மொழியில் அறியாத குடிக்கு நேரும் கேடு இதுவே.

இருபது கடல்மைலுக்கு அப்பால்

கணவாய் அழிந்தது; எல்லை இணைந்தது. ஆயினும் குமரி மாவட்டத் தமிழன் எல்லை கடப்பதை நிறுத்தினான் அல்லன். இன்று அவன் கடப்பது கடலெல்லை.

2012 பிப்பிரவரி 15ஆம் நாள், கேரளக் கரையிலிருந்து ஏறத்தாழ இருபதரைக் கடல்மைல் தொலைவில், 'என்ரிக்கா இலெக்சி' என்னும் இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலிருந்த இத்தாலியக் கடற்படையினர், 'புனித அந்தோணி' என்னும் மீன்பிடி படகின்மேல் சுட்டனர். இருவர் மாண்டனர். ஒருவர் கொல்லத்தைச் சேர்ந்தவர். மற்றவர் குமரி மாவட்டக் கடற்கரையைச் சேர்ந்த இளைஞர். படகு தமிழ்நாட்டில் பதிவு பெற்றது. நீண்டகரையிலிருந்து கடலுக்குச் சென்றது. சுட்ட கப்பல் இத்தாலியக் கொடி தாங்கியது. குண்டு பாய்ந்த இடமோ பன்னிரண்டு கடல்மைல் ஆட்சிக்கடலுக்கு வெளியே.

முதல் வினா உடனே எழுந்தது: எந்த மன்றம்? கேரளக் காவல்துறை வழக்குப் பதிந்தது. கேரளத்துக்கு ஆள்வரம்பு இல்லை, நடுவணரசுக்கே உண்டு, அதற்கெனத் தனிமன்றம் அமைக்க என்று 2013 சனவரி 18இல் உச்ச முறைமன்றம் சொல்லிற்று. 2015இல் இத்தாலி வழக்கைப் பன்னாட்டு நடுவத்துக்கு எடுத்துச் சென்றது. அவ்வாண்டு ஆகத்து 24இல், செருமனியின் ஆம்பர்க்கு நகரிலுள்ள பன்னாட்டுக் கடற்சட்டத் தீர்ப்பாயம், இரு நாடுகளும் தத்தம் மன்ற நடவடிக்கைகளை நிறுத்தி வைக்குமாறு ஆணையிட்டது. 2020 மே 21இல் ஐவர் கொண்ட நடுவர் குழு முடிவு சொன்னது. சூலை 2இல் அது வெளிப்பட்டது. இந்தியப் படகின் கடற்செலவுரிமையை இத்தாலி மீறியது. ஆகவே இழப்பீடு தரல் வேண்டும். ஆனால் சுட்டவர்கள் இத்தாலிய அரசின் அலுவலர். ஆதலால் அவர்களை இந்திய மன்றம் உசாவ இயலாது. இந்த இரண்டாம் முடிவுக்கு மூவர் இசைந்தனர், இருவர் இசைந்திலர்.

முன்னரே கொடுத்த 2.17 கோடி உருபாவுக்கு மேல் பத்துக் கோடி உருபாவை இத்தாலி தந்தது. மாண்டோர் குடும்பங்களுக்குத் தலைக்கு நான்கு கோடி. படகின் உரிமையாளருக்கு இரண்டு கோடி. 2021 சூன் 15இல் உச்ச முறைமன்றம் இந்தியாவில் இருந்த வழக்கை முடித்து வைத்தது. 2022 சனவரித் திங்கள் இறுதியில் உரோம் நகர மன்றமும் தன்னிடமிருந்த வழக்கை மூடிற்று. பத்தாண்டுகள், பல நகரங்களின் மன்றங்கள், கோப்புகள் மலையெனக் குவிந்தன. 'யார் குற்றவாளி' என்று எந்த மன்றமும் இறுதி வரை உசாவித் தீர்க்கவே இல்லை!

இன்னொன்றும் காண்க. படகில் உடனிருந்து குண்டுக்குத் தப்பிய மீனவர் ஒன்பதின்மர் இருந்தனர். நடுவர் குழுவின் முடிவு, படகில் இருந்தோர் அடைந்த மன இழப்புக்கும் ஈடு உண்டு என்றது. ஆயினும் பத்துக் கோடி பகிரப்பட்டபோது அவர்களுக்கெனத் தனிப்பங்கு இல்லை. அவர்கள் தில்லி மன்றத்தின் கதவைத் தட்ட நேர்ந்தது. 2022 நவம்பரில்தான் உரிமையாளருக்குரிய இரண்டு கோடியிலிருந்து அவர்களுக்குத் தலைக்கு ஐந்திலக்கம் உருபா கொடுக்க ஆணை பிறந்தது. ஆம்பர்க்கிலும் ஏகு நகரிலும் எழுதப்பட்டவற்றுள் ஒரு வரியேனும் அவர்கள் மொழியில் அவர்கள் கைக்கு உரிய காலத்தே வந்திருந்தால், தம் பங்கைக் கேட்க இத்தனை நாள் சென்றிருக்குமா?

"இது நாடுகளின் வழக்கு, பொதுப் பன்னாட்டுச் சட்டம், தனியார் சட்டமன்று" என்று சட்டம் கற்றோர் குறுக்கிடுவர். உண்மைதான். வழக்கு நாடுகளின் பெயரால் நடந்தது, செத்தது தனியாள். ஈடு பெற்றது தனிக்குடும்பம். பங்குக்கு அலைந்தது தனித்தனி மீனவன். நாட்டுச் சட்டம் உயரே பறந்துபோன பிறகு, தரையில் எஞ்சி நின்ற வினாக்கள் அந்தப் பழைய வினாக்களே.

அரபியன் கற்பிக்கும் பாடம்

தூத்தூர், வள்ளவிளை, குளச்சல், முட்டம் என்று கடற்கரையை எண்ணிக்கொண்டு போனால் அயல்கடலில் கூலிக்கு மீன்பிடிக்கச் சென்றோரை ஊர்தோறும் காணலாம். ஈரான், பகுரைன், கத்தார், சவூதி அரேபியா எனப் பல நாட்டுப் படகுகளில் குமரித் தமிழன் வலை இழுக்கிறான். 2020இல் பெருந்தொற்று பரவிய போது ஈரானில் சிக்கிக்கொண்டோருள் 687 பேரை இந்தியக் கடற்படைக் கப்பல் ஒன்று சூலை 1ஆம் நாள் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கிற்று. அவருள் குமரி மாவட்டத்தார் பலர். உயிர் மீண்டது, மகிழ்ச்சி. ஆனால் அயல்நாட்டுப் படகில் கூலி நிலுவை நின்றால் அதை எந்த மன்றத்தில் கேட்பது? எந்நாட்டுச் சட்டப்படி கேட்பது? அனுப்பி வைத்த முகவன் உள்ளூரில் இருந்தால் அவன்மேல் நாகர்கோயிலில் வழக்குத் தொடுக்கலாமா? 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம், பதிவு பெறாத முகவன் ஆள் சேர்ப்பதைக் குற்றம் என்கிறது. இதை அறிந்து புறப்படுவோர் எத்தனை பேர்? அறியச் செய்தவர் எவர்?

அவன் கைந்நாட்டு இடும் உடன்படிக்கையின் மொழி யாது? சவூதி அரேபியத் தொழிற்சட்டம் தெளிவாகச் சொல்கிறது: தொழில் உடன்படிக்கையின் மொழி அரபு, உடன் வேறொரு மொழியில் எழுதியிருந்தாலும் அரபுப் படியே செல்லும். இதற்காக அரபியனைப் பழிக்க வேண்டா. அவனிடம் பாடங் கற்க வேண்டும். தன் மண்ணில், தன் வேலைக்கு வந்த அயலானோடு செய்யும் உடன்படிக்கையில் கூடத் தன் மொழியே ஆட்சி செய்யும் என்று அவன் சட்டம் இயற்றி வைத்தான். தமிழனோ தன் மண்ணில், தன் மக்களுக்குள் நடக்கும் வழக்கிலேயே தன் மொழியைக் கைகட்டி வாயிற்படியில் நிற்க வைத்திருக்கிறான்.

ஆறு கதவுகளும் பூட்டிய திறவுகோலும்

ஒருவன் துபாயில் பத்தாண்டு உழைத்தான், வங்கியில் கடன் பெற்றான், வேலை போயிற்று, ஊர் திரும்பினான் என்று வைத்துக்கொள்க. அங்குள்ள மன்றம் அவன்மேல் கடன் தீர்ப்பு வழங்குகிறது. 'துபாய்த் தீர்ப்பு துபாயிலேதானே' என்று அவன் வாளாவிருந்தால் ஏமாந்தான். 2020 சனவரி 17இல் நடுவணரசு ஒன்றிய அரபு அமீரகத்தை எதிரேற்பு நாடாக அறிவித்தது. சிங்கப்பூரும் பிரித்தானியாவும் முன்னமே அப்பட்டியலில் உள்ளவை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44அ பிரிவின்படி, எதிரேற்பு நாட்டின் உயர்மன்றங்கள் வழங்கிய பணத்தீர்ப்பை இங்குள்ள மாவட்ட முறைமன்றத்தில் பதித்தால், அம்மன்றமே வழங்கிய தீர்ப்பைப் போல் அது நிறைவேற்றப்படும். வரிக்கும் தண்டத்துக்கும் இது பொருந்தாது, கடனுக்குப் பொருந்தும். அதாவது, துபாயில் எழுதிய தீர்ப்பு நாகர்கோயிலில் வீட்டையும் தோப்பையும் தொடலாம். அப்பட்டியலில் இல்லாத நாட்டுத் தீர்ப்பாயின் அதை அடிப்படையாகக் கொண்டு இங்குப் புதிதாக வழக்குத் தொடுத்தல் வேண்டும்.

இது ஏழையை அடிக்கும் கோல் மட்டுமன்று; ஏழைக்கு ஊன்றுகோலும் ஆகும். கூலி தராது ஏமாற்றியவன்மேல் துபாய் மன்றத்தில் பணத்தீர்ப்புப் பெற்ற தொழிலாளி, அவனுடைய உடைமை தமிழ்நாட்டில் இருப்பின், அத்தீர்ப்பை இங்கே நிறைவேற்றக் கேட்கலாம்.

அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு ஆறு கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. தீர்ப்பு வழங்கிய மன்றத்துக்கு ஆள்வரம்பு இல்லையா? வழக்கின் உள்ளீட்டை ஆராயாமல் தீர்ப்பு எழுதப்பட்டதா? பன்னாட்டுச் சட்டத்தைத் தவறாகக் கொண்டோ, பொருந்த வேண்டிய இந்தியச் சட்டத்தை ஏற்க மறுத்தோ எழுதப்பட்டதா? எதிர்வழக்காடியின் சொல்லைக் கேளாமல் இயற்கை முறைக்கு மாறாக நடந்ததா? ஏமாற்றால் பெறப்பட்டதா? இந்தியாவில் நடப்பிலுள்ள சட்டத்தை மீறிய உரிமைக் கோரிக்கையா? இவ்வாறனுள் ஒன்று மெய்ப்பட்டாலும் அயல்தீர்ப்பு இங்கே முடிந்த முடிபாகாது.

இக்கதவுகளின் வழியே மீண்டோர் உண்டு. திருப்பதியில் 1975இல் மணம் நடந்தது. கணவன் அமெரிக்கா சென்று மிசௌரி மாநில மன்றமொன்றில் மணவிலக்குப் பெற்றான். மனைவி அம்மன்றத்தின் ஆள்வரம்புக்கு இசைந்திலள். அந்த மணவிலக்கு இந்தியாவில் செல்லாது என்று 1991இல் உச்ச முறைமன்றம் தீர்த்தது. மணம் எந்தச் சட்டப்படி நடந்ததோ அச்சட்டம் ஒப்பும் அடிப்படையில், அச்சட்டப்படி ஆள்வரம்புள்ள மன்றமே பிரிக்கலாம் என்பது அத்தீர்ப்பின் பொதுநெறி. பெண் அயல்மன்றத்துக்குத் தானே இசைந்து பணிந்தாலோ, இருவரும் ஒப்பினாலோ அது வேறு. மகளைக் கடல் கடந்து கட்டிக்கொடுக்கும் ஒவ்வொரு தாயும் அறிய வேண்டிய செய்தியன்றோ இது? ஆறு கதவுகளும் திறந்தே உள்ளன. திறந்துள்ளன என்ற செய்திதான் ஆங்கிலப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது.

கண்ணகி எம்மொழியில் வழக்காடினாள்?

கோவலனும் கண்ணகியும் சோழநாட்டுப் புகாரில் பிறந்தவர். பாண்டியன் மதுரைக்கு அவர்கள் அயல்நாட்டார். கோவலன் தன் சொல் கேட்கப்படாமலே கொல்லப்பட்டான். இக்காலச் சட்டத்தின் பேச்சில் சொன்னால், இயற்கை முறைக்கு மாறான தீர்ப்பு அது. கண்ணகி அயல்நாட்டுப் பெண், அரசன் அவைக்குத் தனியே சென்றாள், சான்றுப் பொருளைக் கையில் ஏந்தினாள், உடைத்துக் காட்டினாள், வென்றாள். அவளுக்காகப் பேச ஒரு வழக்குரைஞனும் இல்லை, மொழிபெயர்ப்பாளனும் இல்லை. ஏன் வென்றாள்? அவள் பக்கம் உண்மை இருந்தது; அதனோடு, அவள் மொழியே அவையின் மொழியாகவும் இருந்தது. மன்னனுக்கு வேறொரு மொழியும் மக்களுக்கு ஒரு மொழியுமாய் இருந்திருப்பின், வாயிலோன் அவளை வெளியிலேயே நிறுத்தியிருப்பான். சிலம்பு கையிலேயே இருந்திருக்கும்.

இன்றைய மதுரையைக் காண்க. 2004 சூலை 24 முதல் அங்கே சென்னை உயர் முறைமன்றத்தின் கிளை இயங்குகிறது. குமரி மாவட்ட வழக்குகளும் அங்கேயே செல்கின்றன. அங்கே மொழி ஆங்கிலம். அரசியற்சட்டத்தின் 348ஆம் பிரிவு உச்ச, உயர் முறைமன்றங்களின் மொழி ஆங்கிலம் என்கிறது. ஆனால் அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, குடியரசுத் தலைவரின் முன்னிசைவோடு மாநில மொழியை உயர் முறைமன்ற நடவடிக்கைகளில் வழங்கலாம் என்று வழி விடுகிறது. அவ்வழியில் இராசத்தானும் உத்தரப் பிரதேசமும் மத்தியப் பிரதேசமும் பீகாரும் இந்தியை உயர் முறைமன்றத்துக்குள் கொண்டு சென்றுவிட்டன. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் இயற்றி அதே உரிமையைத் தமிழுக்குக் கேட்டது. 2012இல் உச்ச முறைமன்றம் இசையவில்லை என்ற விடை வந்தது. நான்கு மாநிலத்து இந்திக்கு அகன்ற வாயில், தமிழுக்கு மட்டும் அடைந்து போவது என்ன முறை? 2019 முதல் உச்ச முறைமன்றத் தீர்ப்புகள் சில தமிழில் பெயர்க்கப்பட்டு வருகின்றன. நன்று. ஆனால் முடிந்த தீர்ப்பைத் தமிழில் படிப்பது வேறு. முடியாத வழக்கைத் தமிழில் ஆடுவது வேறு. முன்னது செய்தி; பின்னது உரிமை.

'சொல் இல்லை' என்னும் சோம்பல்

இனி எஞ்சி நிற்பது ஒரே மறுப்பு: "தமிழில் கலைச்சொல் இல்லை." இதைச் சொல்வோர் வரலாறு கல்லாதோர். இச்சட்டக் கலை ஆங்கிலத்தில் பிறந்ததன்று. 17ஆம் நூற்றாண்டில் ஆலந்து நாட்டு உல்ரிக்கு ஊபர் இலத்தீனில் எழுதினார். அமெரிக்க நடுவர் சோசப்பு இசுட்டோரி சட்டமுரண் பற்றிய தம் பெருநூலை ஆங்கிலத்தில் வெளியிட்டது 1834இல்தான். ஆங்கிலேயனுக்கும் ஒரு காலத்தில் தன் மன்றத்தில் தன் மொழி இல்லை. பிரெஞ்சே அங்கு ஆண்டது. 1362இல் மூன்றாம் எட்வர்டு காலத்துச் சட்டம், மக்களுக்குப் பிரெஞ்சு விளங்கவில்லை, தமக்காகவும் தமக்கெதிராகவும் சொல்லப்படுவதை அவர்கள் அறியவில்லை என்னும் கரணியத்தைக் காட்டி, வழக்குரை ஆங்கிலத்தில் நடக்க என்றது. ஆவணங்களினின்று இலத்தீனை வெளியேற்ற இன்னும் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆயின. 1731இல் இயற்றிய சட்டத்தால்தான் அது முடிந்தது. ஆங்கிலேயன் தன் மொழிக்குச் செய்ததைத் தமிழன் தன் மொழிக்குச் செய்ய முனைந்தால் அது மட்டும் வெறியோ?

சப்பானியர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுச் சட்டத் தொகுதிகளைத் தம் மொழியில் ஆக்கினர். இல்லாத சொற்களைப் படைத்தனர். 1898இல் சட்டமுரணுக்கென்றே ஒரு சட்டத்தைத் தம் மொழியில் இயற்றினர். சொல் பிறந்த பிறகு சட்டம் எழுதுவோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. எழுத எழுதச் சொல் பிறந்தது.

தமிழிலும் சொல் இல்லாமல் இல்லை. ஒரு மன்றத்தின் கை எட்டும் அளவு ஆள்வரம்பு. ஒருவன் நிலையாய் வாழக் கருதிய நாடு அவன் வாழ்வகம். எதிர்வழக்காடி வராதபோது எழுதுவது ஒருதலைத் தீர்ப்பு. ஒருவர் தீர்ப்பை ஒருவர் ஏற்கும் நாடுகள் எதிரேற்பு நாடுகள். இவற்றுள் எது விளங்கவில்லை? விளங்காத சொல்லை நெட்டுருப் போட்டு வழக்குரைஞராவது பெருமையென்றும், விளங்கும் சொல்லால் மக்கள் தம் உரிமையை அறிவது சிறுமையென்றும் கருதும் மனப்பான்மைக்குப் பெயர் அடிமைத்தனம்.

தமிழாசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். சொல்லகரமுதலிகளில் சொற்களை அடுக்கிப் பூட்டி வைப்பதோடு தமிழ்த்தொண்டு முடிவதில்லை. உடன்படிக்கையிலும் முறையீட்டு மடலிலும் ஏறாத சொல் பெட்டியில் கிடக்கும் வலை போன்றது. அது மீன் பிடிக்காது.

செய்ய வேண்டுவன

வெற்று முழக்கம் போதாது. செயல் வேண்டும். ஒன்று: தமிழ்நாட்டுச் சட்டக்கல்லூரிகள் தனியார் பன்னாட்டுச் சட்டத்துக்குத் தமிழ்ப் பாடநூல் இயற்றுவித்தல் வேண்டும். நெல்லைச் சட்டக்கல்லூரியில் பயிலும் குமரி மாணவன், தன் ஊர் வழக்கை எடுத்துக்காட்டாகக் கொண்ட நூலைத் தன் மொழியில் பயிலல் வேண்டும். இரண்டு: அயல்நாட்டு வேலைக்குச் செல்வோனின் உடன்படிக்கைக்குத் தமிழ்ப்படி ஒன்று கட்டாயமாதல் வேண்டும், தமிழ்ப்படி இல்லாத உடன்படிக்கைக்குக் குடிபெயர்வு இசைவு தருதல் கூடாது. மூன்று: மாவட்ட முறைமன்றத்தில் பதியும் ஒவ்வோர் அயல்தீர்ப்போடும் அதன் தமிழாக்கமும், ஆறு கதவுகளைச் சொல்லும் தமிழ் அறிக்கையும் எதிர்வழக்காடிக்குச் சேர்தல் வேண்டும். நான்கு: உயர் முறைமன்றத்தில் தமிழ் என்னும் 2006ஆம் ஆண்டுத் தீர்மானத்தை இசைவு கிட்டும் வரை ஆட்சிக்கு வருவோர் எவராயினும் விடாது வலியுறுத்தல் வேண்டும்.

இவை அரசு செய்ய வேண்டுவன. அரசு விழிக்கும் வரை காத்திராமல் தமிழன்பர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. குமரிக் கரையின் ஒவ்வோர் ஊர்ப் படிப்பகத்திலும், திங்களுக்கு ஒரு மாலை, தமிழறிந்த வழக்குரைஞர் ஒருவரை அமர்த்தி, அந்த மூன்று வினாக்களையும் ஆறு கதவுகளையும் ஊரார்க்குச் சொல்லச் செய்யலாம். கடவுச்சீட்டு வாங்கும் இளைஞன் அவற்றைக் கேட்டுவிட்டுப் போகட்டும். மகளை அயல்நாட்டுக்கு அனுப்பும் தாய் கேட்டுவிட்டு அனுப்பட்டும். இதற்கு ஆணையும் வேண்டா, நிதியும் வேண்டா, வெட்கம் விட்டுத் தமிழைச் சட்டத்துக்குள் அழைக்கும் நெஞ்சு ஒன்றே வேண்டும்.

வலையும் படகும் கொண்டு கடலெல்லை கடந்தவன் தமிழன். அவனைக் கடலுக்கு அனுப்பிவிட்டு அவன் மொழியை மட்டும் கரையில் நிறுத்தி வைப்பது, துடுப்பைப் பிடுங்கிக்கொண்டு படகைத் தள்ளிவிடுவதற்கு ஒப்பாகும். தமிழன் போகும் இடமெல்லாம் அவன் உரிமையும் உடன் போதல் வேண்டும். அவ்வுரிமை அவனுக்குத் தெரிந்த மொழியில் போதல் வேண்டும். கட்டிய கை அவிழட்டும். தமிழ் மன்றம் ஏறட்டும்!